சுழி போட்ட வாக்குச்சீட்டு

எங்கள் ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடைத் தலைவர் தேர்தலில் பெரியப்பா ஒரே ஒரு வாக்கால் தோற்றார். அந்த வாக்கைப் போட்டது யார் என்று முதலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். போட்டவருக்குத் தெரியும், எண்ணிய எனக்குத் தெரியும். ஊரில் வேறு ஓர் ஆளுக்குத் தெரிந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் பதின்மூன்று நாள் நான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஒரு சங்கக்கடைத் தேர்தலுக்கு இவ்வளவு பயமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் இருந்திராதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள்.

உரும்பிராய்க்குக் கிட்ட, செம்மண் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது எங்கள் ஊர். கரண்ட் போய் இரண்டு வருடத்துக்கு மேலாகியிருந்தது. தெற்கிலிருந்து வரவேண்டிய சாமான்களில் பாதிக்குத் தடை. எல்லாவற்றிலும் பெரிய பாடு மண்ணெண்ணெய்ப் பாடு. வீட்டில் விளக்கு எரிவதும் அதில்தான், தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் மெஷின் ஓடுவதும் அதில்தான். சங்கக்கடைக்கு மண்ணெண்ணெய்ப் பீப்பாய், எங்கள் பேச்சில் பரல், வந்து இறங்கினால் யாருக்கு எத்தனை போத்தல், யாருக்கு முதலில், யாரிடம் "முடிஞ்சுது, அடுத்த முறை பாப்பம்" என்று சொல்வது, எல்லாம் தலைவரின் வாயில் இருந்தது. கடைப் பூட்டுகளின் திறப்புகளும் அவருடைய மடியில் இருந்தன.

பெரியப்பா பதினான்கு வருடம் தலைவராக இருந்தவர். என் அப்பாவின் ஒரே அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். கிணறு பொதுக் கிணறு. ஒரு நாள் அவர்கள் இறைப்பு, மறுநாள் எங்கள் இறைப்பு. அறுபது வயதை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்த அப்பா, தன் அண்ணனுக்கு முன்னால் கதிரையில் அமர்ந்து நான் பார்த்ததில்லை. "ஓம் அண்ணை", "சரி அண்ணை", இந்த இரண்டு சொல்லோடு அவர்களுடைய கதை முடிந்துவிடும்.

பதினான்கு வருடமும் பெரியப்பாவை எதிர்த்து யாரும் நின்றதில்லை. அந்த முறை கீழ் ஒழுங்கையில் இருந்த வெங்காயத் தோட்டக்காரர் ஒருவர் "நானும் நிக்கிறன்" என்று சொல்லிவிட்டார். பெரியப்பா சிரித்தார். "நில்லும், நில்லும். கால் நோகும் மட்டும் நில்லும்" என்றார். வாக்கு எண்ணுவதற்கு யார் என்ற பேச்சு வந்தபோது என் பெயரைச் சொன்னவரும் அவர்தான். நான் அப்போது பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "எங்கடை பிள்ளை எண்ணட்டும்" என்றார் பெரியப்பா. "ரீச்சர் எண்ணினால் எனக்கும் சம்மதம்" என்றார் வெங்காயக்காரர். என்னிடம் ஒருவரும் கேட்கவில்லை.

எழுதாத தாள் என்று ஒன்றைக் கண்ணால் காண முடியாத காலம். பள்ளிக்கூடத்தில் கிடந்த பழைய தவணைப் பரீட்சைத் தாள்களை நாலாகக் கிழித்து, எழுதாத பக்கத்தில் நானே கையால் எழுதினேன். மேலே பெரியப்பாவின் பெயர், கீழே வெங்காயக்காரரின் பெயர், பக்கத்தில் ஒவ்வொரு பெட்டி. விருப்பமானவருக்கு நேரே பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டு, மடித்து, பிஸ்கட் தகரத்துக்குள் போடவேண்டியதுதான். இதில் பிழைவிட என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஞாயிறு காலையில் வாசிகசாலையில் வாக்குப்போட்டார்கள். மத்தியானத்துக்கு முன்னரே எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டு பேரையும் எதிரில் இருத்தி, தகரத்தை மேசையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக விரித்துக் காட்டி எண்ணினேன். முப்பதோ நாற்பதோ எண்ணியிருப்பேன். அப்போது அந்தச் சீட்டு வந்தது.

புள்ளடி வெங்காயக்காரரின் பெட்டிக்குள் தெளிவாக இருந்தது. ஆனால் சீட்டின் உச்சியில், பெரியப்பாவின் பெயருக்கு மேலே, நட்ட நடுவில் ஒரு பிள்ளையார் சுழி. வால் நீண்ட உ. அதற்குக் கீழே இரண்டு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் ஒரு குற்று, ஒரு சிறு புள்ளி.

அந்தக் குற்றை ஊரில் வேறு யாரும் வைப்பதில்லை. கடைக்குச் சாமான் எழுதும் துண்டிலும், ஜெர்மனியில் இருந்த என் அண்ணாவுக்கு எழுதும் கடிதத்திலும், விதை வெங்காயம் வைத்த நாளைக் குறிக்கும் கலண்டர்த் தாளிலும் நான் பிறந்ததிலிருந்து பார்த்து வந்த சுழி அது. "பிள்ளையாருக்கே கோடு போட்டுக் குடுக்கிற மனிசன்" என்று அம்மா பகிடி பண்ணுவாள். சுழி போடாமல் அப்பா ஒரு தாளிலும் ஒன்றும் எழுதியதில்லை. வாக்குச்சீட்டும் அவருக்கு ஒரு தாள்தானே. கொடுத்த பேனையை வாங்கி, முதலில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பிறகு தன் சொந்த அண்ணனுக்கு எதிராகப் புள்ளடி போட்டிருக்கிறார்.

"இதைப் பிறகு பாப்பம்" என்று ஒரு பக்கத்தில் வைத்தேன். மிச்சத்தையெல்லாம் எண்ணி முடித்தபோது எழுபத்தொன்றுக்கு எழுபத்தொன்று. இரண்டு பேரும் ஒரு பக்கத்தில் கிடந்த அந்தச் சீட்டைப் பார்த்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தலைகீழாகப் பார்த்தவர்களுக்கு அது ஒரு சுழி என்று தெரியுமே தவிர, கோட்டுக்கு நடுவில் இருந்த குற்றுத் தெரிந்திருக்காது.

"புள்ளடி ஒண்டுதான் கிடக்கு. பெட்டிக்குள்ளை கிடக்கு. செல்லும்" என்றேன். வேறு யாராவது போட்ட சுழியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேனா? இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்குத் தெரியாது. செல்லாது என்று சொல்லியிருந்தால் தேர்தலை இன்னொரு முறை வைத்திருப்பார்கள், அப்பா இன்னொரு முறை சுழி போட்டிருப்பார்.

பெரியப்பா எழும்பினார். மடியைத் தடவித் திறப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டார். "எண்ணினது பிழை. நான் திறப்புத் தரமாட்டன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மூன்று நாளில் மூன்று கதை சொன்னார். முதல்நாள், சுழி தன் பெயருக்கு மேலே கிடக்கிறது, ஆகவே அந்த வாக்கு தனக்குத்தான் என்றார். ஊர் சிரித்தது. இரண்டாம் நாள், ஒரு சீட்டில் இரண்டு அடையாளம் இருந்தால் அது பழுதான சீட்டு என்றார். அதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறதே என்று இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். மூன்றாம் நாள் சொன்னதுதான் ஆபத்தானது. "உது சும்மா சுழி இல்லை. உது ஒரு சைகை. வோட்டை வித்தவன், சொன்னபடி போட்டிட்டன் எண்டு காட்டிறதுக்கு வைச்ச அடையாளம். உவன் ஆரெண்டு நான் கண்டுபிடிக்காமல் விடமாட்டன்."

கடை பூட்டியபடி கிடந்தது. உள்ளே இரண்டு பரல் மண்ணெண்ணெய். வெளியே போத்தல்களோடு சனம். வெங்காயக்காரர் நல்ல மனிதர். பூட்டை உடைக்கச் சொன்னவர்களை அடக்கிவைத்தார். வாக்குச்சீட்டுகளைத் தகரத்தில் போட்டு, சணலால் கட்டி, அரக்கு வைத்து வாசிகசாலை அலுமாரியில் பூட்டினார்கள்.

அப்பா என்னிடம் வந்தது எண்ணிய நாள் பின்னேரம். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"பிள்ளை, சீட்டெல்லாத்தையும் நீதான் விரிச்சனியோ?"

"ஓம்."

"எல்லாத்தையுமோ?"

"எல்லாத்தையும்தான் அப்பா."

"கை தானாப் போட்டிட்டுது. போட்டாப் பிறகுதான் பாத்தன். பேனையாலை போட்டது அழியுமே?" என்றார். அன்று இரவு அம்மாவுக்கும் அவரே சொன்னார்.

ஏன் அண்ணனுக்கு எதிராகப் போட்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் தேவையில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னர் எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரு பெண்ணை, புருஷன் ஷெல்லில் செத்து மூன்று மாதம்கூட ஆகாதவளை, வரிசையில் நிற்க வைத்தே பெரியப்பா "உனக்கு என்ன தோட்டமே கிடக்கு இறைக்க, போ" என்று வெறும் போத்தலோடு அனுப்பினார். அப்பா அவளுக்குப் பின்னால் நின்றவர். தன்னுடைய இரண்டு போத்தலையும் வாங்கிக்கொண்டு பேசாமல் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அண்ணனின் முகத்துக்கு முன்னால் சொல்லத் துணியாததை ஒரு துண்டுத் தாளில் சொல்லியிருக்கிறார்.

நாலாம் நாள் பெரியப்பா பெடியளுக்கு முறைப்பாடு சொல்லிப் பெட்டிசம் எழுதினார். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் வழக்கு விளக்கம் எல்லாம் தோளில் துவக்கு மாட்டித் திரிந்த இயக்கப் பெடியளிடம்தான். பெயர் போடாமல் மொட்டையாக எழுதுபவர்கள்தான் கூட. பெரியப்பா கையெழுத்து வைத்தே எழுதினார். வாக்குகளை விற்றிருக்கிறார்கள், எண்ணியவளும் உடந்தை, சுழி போட்டவனைக் கண்டுபிடித்து விசாரிக்க வேண்டும். என் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு எழுதியிருந்தார். அந்தத் தகப்பன் பெயர் அவருடைய தம்பியின் பெயர்.

விசாரணை என்ற சொல்லை இப்போது எவ்வளவு லேசாகச் சொல்கிறோம். பக்கத்து ஊரில் ஒருவரை விசாரணைக்கென்று கூட்டிப்போனார்கள். நாற்பது நாளுக்குப் பிறகு திரும்பி வந்தவர் வாசலுக்கு முதுகு காட்டி இருக்கவே மாட்டார். திரும்பி வராதவர்களைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. அப்பாவுக்கு மூச்சிழுக்கும் முட்டு வருத்தம் வேறு. ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டால் அம்மா கை வேலையைப் போட்டுவிட்டு அப்படியே நிற்பாள். மணி கடந்து போன பிறகுதான் மூச்சு விடுவாள். வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா செருமுவது கேட்கும். முன்பு காது கொடுக்காத சத்தம் அது. இப்போது அவர் செருமினால் நாங்கள் மூன்று பேரும் வாயை மூடிக்கொள்வோம். சொந்த வீட்டுக்குள் குசுகுசுத்துக்கொண்டு திரிந்தோம். எனக்கு அது பயமாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பள்ளிக்கூட இடைவேளையில் பெடியளில் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். அவர்களில் மூத்தவருக்கு இருபத்தொரு வயதிருக்கும். கையில் ஒரு ஃபைல். முகத்தில் கோபமில்லை, மிகவும் மரியாதையாகக் கதைத்தார். அந்த மரியாதைதான் எனக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"அக்கா, நீங்களோ எண்ணினது?"

"ஓம் தம்பி."

"சுழி போட்ட சீட்டு ஆரின்ரை எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"தெரியாது தம்பி."

அவர் அதை எழுதிக்கொண்டார். எழுதியதன் கீழே ஒரு கோடும் போட்டார். "அப்ப வாற சனிக்கிழமை வாசிகசாலைக்கு எல்லாரையும் கூப்பிட்டு ஒவ்வொரு சுழி போடச் சொல்லுவம். எழுத்துத் தெரிஞ்சிடும்தானே" என்றார். பிறகு என்னிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அம்மாதான் வழி சொன்னாள். "மாத்திப் போடுங்கோ. கோடு வேண்டாம், குத்து வேண்டாம். சும்மா ஒரு உ. விளங்குதோ?" அப்பா கிணற்றடிக்குப் பின்னால் குந்தியிருந்து, ஈர்க்கு ஒன்றை எடுத்து நிலத்தில் எழுதிப் பழகினார். அறுபது வயதில் ஒரு மனிதர் தன் அப்பா அரிசித் தட்டில் விரல் பிடித்து எழுதுவித்ததை மறக்கப் பழகிக்கொண்டிருந்தார். உ போடுவார். கை தானாகக் கோட்டுக்குப் போகும். காலால் அழிப்பார். மீண்டும் உ. மீண்டும் கை கோட்டுக்குப் போகும். வெள்ளிக்கிழமை பின்னேரம் பத்துத் தரத்தில் ஏழு தரம் சரியாகப் போட்டார். மிச்ச மூன்று தரத்தை நினைத்து எனக்கு அழுகை வந்தது.

சனிக்கிழமை காலை வாசிகசாலைக்கு முன்னால் ஊரே வரிசையில் நின்றது. உள்ளே மேசையில் ஃபைல்காரப் பெடியன். அவருக்கு முன்னால் அந்தச் சீட்டு. பக்கத்துக் கதிரையில், முறைப்பாட்டுக்காரர் என்ற முறையில் பெரியப்பா. மறு பக்கத்தில் நான், பெயர் கூப்பிட்டுத் துண்டு கொடுப்பதற்கு.

எங்கள் சனம் எதற்கும் ஒரு பகிடி வைத்திருக்கும். ஒருவர் துண்டை வாங்கித் தும்பிக்கையோடு பிள்ளையாரையே கீறிவிட்டார். ஒரு கிழவி சுழியைப் போட்டு, தொட்டுக் கும்பிட்டு, மூன்று தோப்புக்கரணமும் போட்டுவிட்டுப் போனாள். பெடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது இல்லை. இதுவும் இல்லை." எனக்கு ஒன்றும் சிரிப்பாக இல்லை. வரிசையில் அப்பாவின் தலை எத்தனையாவதாக இருக்கிறது என்று மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்பா வாசலுக்குக் கிட்ட வந்தபோது ஆமியின் ஹெலிகொப்டர் ஒன்று பலாலி முகாம் பக்கமிருந்து வந்தது. வரிசை சிதறி, எல்லோரும் மாமரத்துக்குக் கீழும் மதிலோடும் ஒதுங்கினார்கள். நான் மேசைக்குக் கீழே குந்தியிருந்தபடி, அப்பா இந்தச் சாட்டில் வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் என்று பிள்ளையாரிடம் கேட்டேன். ஹெலி சுடாமல் போய்விட்டது. வெளியே எட்டிப் பார்த்தேன். அப்பா தன் பழைய இடத்திலேயே வந்து நின்றார். முன்னால் நின்றவரிடம் "நீங்கள் எனக்கு முதல்" என்று வேறு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல.

அவருடைய முறை வந்தது. நான் துண்டை நீட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்தார். பேனை தாளில் பட்டது. ஒரு உ. பேனை தாளை விட்டு எழும்பி, கீழே வந்து, கோட்டுக்குப் போகிற இடத்தில் அப்படியே நின்றது. எத்தனை நேரம் நின்றதோ தெரியாது. பிறகு பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

வெறும் உ. பெடியன் அதைச் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இது இல்லை" என்று மற்றத் துண்டுகளோடு போட்டார். அப்பா வாசலை நோக்கித் திரும்பினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அப்போது பெரியப்பாவின் கை நீண்டு அந்தத் துண்டை எடுத்தது.

அவர் அதுவரை ஒரு துண்டையும் கையில் எடுக்கவில்லை; வெங்காயக்காரரின் ஆட்களில் ஒருவன்தான் என்ற நினைப்பில் சீட்டையும் கிட்டப் பிடித்துப் பார்க்கவில்லை. எடுத்தவர் அதைப் பார்த்தார். பிறகு சீட்டைப் பார்த்தார். பிறகு வெளியே போய்க்கொண்டிருந்த தம்பியின் முதுகைப் பார்த்தார். அந்தக் கணத்தில் எங்கள் மடைத்தனம் எனக்கு விளங்கியது. ஊருக்குத் தெரியாவிட்டால் என்ன, ஒரே தட்டு அரிசியில் எழுதப் பழகிய அண்ணனுக்குத் தெரியாதா? கோடும் குற்றும் இல்லாத சுழியை அப்பா போடமாட்டார். ஒளிக்கப் போன இடத்திலேயே கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார்.

"என்ன ஐயா, ஆளைத் தெரிஞ்சிட்டுதோ?" பெடியன் கேட்டார்.

ஒரு சொல். பெரியப்பா ஒரு சொல் சொன்னால் அப்பாவை இந்த வாசலிலேயே பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய கை மடிக்குள் போனது. திறப்புக் கொத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

"எண்ணினது சரி. நான் தோத்திட்டன். எழுதிக்கொள்ளுங்கோ."

"அப்ப சுழி போட்ட ஆள்?"

"அது ஆரோ பழக்கத்திலை போட்டது. வித்தவன் இல்லை."

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும்."

பெடியன் அவரைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். ஃபைலை மூடினார். "இனிமேல் உப்பிடி எங்கடை நேரத்தைப் பாழாக்காதேங்கோ ஐயா" என்றார். வெளியே இன்னும் நாற்பது பேருக்கு மேல் சுழி போட நின்றார்கள். தங்கள் முறை வராமலே முடிந்துவிட்டது என்று அவர்களுக்குக் குறை.

மறுநாள் எங்கள் இறைப்பு. விடிந்து கொஞ்ச நேரத்தில் பெரியப்பா கிணற்றடிக்கு வந்தார். அப்பா வாளியைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். நான் வாய்க்காலோரம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக்கொண்டிருந்தேன். கேட்கக்கூடிய தூரம்தான்.

"நீ உன்ரை சுழியையே போட்டிருக்கலாம்" என்றார் பெரியப்பா. "நான் காட்டிக் குடுத்திருக்க மாட்டன்."

அப்பா வாளிக் கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

"எனக்கு எதிராப் போட்டாய், அது உன்ரை விருப்பம். ஆனால் எனக்குப் பயந்து சுழியை மாத்திப் போட்டாய் பார்." திரும்பிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் வளவுக்குள் அவர் வரவில்லை.

நான் அவரை நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. என் பெயரைத் தகப்பன் பெயரோடு எழுதிக் கொடுத்தவர் அவர். அன்றைக்கு அப்பா பழக்கத்தில் கோடும் குற்றும் போட்டிருந்தால், யாரும் யோசிப்பதற்கு முன்னரே பெடியன் ஃபைலை மூடி ஆளைக் கூட்டிப் போயிருப்பார். பெரியப்பாவின் நல்ல மனது அதற்குப் பிறகு வந்து என்ன, வராமல் என்ன? இதை அப்பாவிடம் எத்தனையோ தரம் சொன்னேன். அவர் கேட்கவில்லை. அண்ணை சொன்னது சரிதான், நான் அவரைப் பிழையாக நினைத்துப்போட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த மாதம் ஜெர்மனிக்கு எழுதிய கடிதத்தில் சுழி இல்லை. அடுத்ததிலும் இல்லை. சாமான் துண்டிலும் இல்லை, கலண்டரிலும் இல்லை. அப்பா சாகும்வரை ஒரு தாளிலும் அதை மீண்டும் போடவில்லை. அண்ணா எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார், அப்பாவுக்கு என்ன, சுழி போட மறந்து போறார் என்று. வயது போகிறதுதானே என்று பதில் எழுதினேன்.